ஸ்டீயரிங் வரிசை

எங்கள் ஹாலில் ஸ்டீயரிங் பிடிப்பவர்களுக்கு டிரைவர் என்று பெயர். கேம்பேட் பிடிப்பவர்களுக்குப் பொத்தான் பிள்ளைகள் என்று பெயர். உள்ளே நுழைந்தால் இடது பக்கம் ஸ்டீயரிங் வரிசை. பன்னிரண்டு இருக்கைகளும் லாரி சீட் மாதிரியே உயரமானவை. காலுக்கடியில் பெடல்கள், முன்னால் சுவர் அகலத்துக்குத் திரை. வலது பக்கம் எங்கள் வரிசை. பிளாஸ்டிக் நாற்காலி, சின்னத் திரை, இரண்டு கைக்குள் அடங்கும் கேம்பேட்.

நாமக்கல்லில் லாரி ஓட்ட இப்போது யாரும் லாரியில் ஏறுவதில்லை. நெடுஞ்சாலையில் அவை தானாகவே போகின்றன. மலைப்பாதை, ஊருக்குள் நுழையும் சாலை, பலத்த மழை போன்ற இடங்களில் மட்டும் ஹாலில் இருக்கும் டிரைவர் வண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட இடங்களில் லைசென்ஸ் உள்ள ஒருவரின் கை ஸ்டீயரிங்கில் இருந்தாக வேண்டும், அவரே அந்த வண்டியின் ஓட்டுநர் என்பது சட்டம். சரக்கு ஏற்றி இறக்கும் யார்டுக்குள் அந்தச் சட்டம் கிடையாது. யார்டில் நாய் படுத்திருக்கும். லோடுமேன்கள் லாரிக்கு முன்னால் நின்றுதான் பீடி பற்றவைப்பார்கள். முட்டை அட்டைகள் சரிந்து கிடக்கும். இயந்திரத்துக்கு அந்தக் குளறுபடி பிடிபடவே இல்லை. அதனால் யார்டில் மட்டும் வண்டியை நகர்த்த எங்களை வைத்திருந்தார்கள். பெருவிரலால் லேசாகத் தள்ளினால் எங்கோ ஓசூரில் ஒரு லாரி பின்னால் போகும்.

என் அண்ணன் மாதேஷ் ஸ்டீயரிங் வரிசையில் நான்காவது இருக்கை. நான் அவனுக்கு நேர் எதிரே. இடைவேளை அறையில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. அதில் ஸ்டீயரிங்கும் மாட்டலாம், கேம்பேடும் மாட்டலாம். சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் ஒரு பந்தயம் ஓட்டுவோம். நான் கேம்பேடில், அவன் ஸ்டீயரிங்கில். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

"பொத்தானை அமுக்கறதெல்லாம் ஓட்டறதா புள்ள? உனக்கு அந்த கேமே ஓட்டித் தருது" என்பான்.

"ஆமாண்ணா, தருது. பெருவிரல் எத்தனூண்டு? அதை அப்படியே கேட்டு நடந்தா கார் மூணு குட்டிக்கரணம் அடிக்கும். அதனால கேமே பாதி திருப்பிக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆடறேன்."

"எனக்கு அந்தப் பிச்சையெல்லாம் வேண்டாம். தோத்தாலும் என் கையில தோக்கறேன்."

அவன் அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அப்பாவும் லாரி டிரைவராக இருந்தவர்தான். அண்ணனுக்கு ஸ்டீயரிங் என்பது வேலை மட்டுமல்ல.

ஆடி மாதம் அது நடந்தது. பெங்களூரில் முட்டை இறக்கிவிட்டு வந்த வெறும் லாரி தொப்பூர் இறக்கத்தில் அண்ணனின் கைக்கு வந்தது. இடது பக்க மண்பாதையிலிருந்து பால்கேன் கட்டிய ஒரு மொபெட் சட்டென்று ஏறியது. லாரியின் முன்முனை அதைத் தட்டியது. அண்ணன் ஹாலில் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. மொபெட்டில் வந்தவர் பெயர் பெரியண்ணன். உயிர் இருந்தது. இடுப்பும் ஒரு காலும் நொறுங்கிப் போயின.

"நான் வலது பக்கம் ஒடிச்சேன் மேகலா" என்றான் அன்றைக்கு. "நல்லா ஒடிச்சேன். வண்டி வரல."

ஒரு வாரம் போனபின், "ஒடிச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

ஒரு மாதத்தில், "பயத்துல கை மரத்துப் போயிருக்கும். ஒடிச்சிருந்தா வண்டி வந்திருக்குமே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் அவனிடம் சொன்னது அதைத்தான். கம்பெனி காட்டிய பதிவில் சாலை மட்டும்தான் இருந்தது, அண்ணனின் கை இல்லை. லாரி ஒரு இம்மி கூட வலது பக்கம் விலகவில்லை.

அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தினமும் பஸ் ஏறி சேலத்துக்குப் போய் பெரியண்ணன் படுத்திருந்த வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். பெரியண்ணனின் மனைவி பாப்பாத்தி வெளியே வரும்போதெல்லாம் அவனைத் திட்டுவார். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? ஊட்ல உக்காந்து பொம்மை ஓட்டற மாதிரி ஓட்டுனா இப்படித்தான்" என்பார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். மறுநாளும் போவான். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பால் சிந்துவது தெரிகிறது என்றான்.

வரும் திங்கட்கிழமை கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம், இல்லையென்றால் வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஒத்துக்கப் போறேன். செஞ்சதுக்கு இருந்துட்டு வர்றேன்" என்றான் அண்ணன். எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அவன் ஒருவனிடம்தான் மனம் விட்டுப் பேசுவேன். அவனிடமும் அன்று வரவில்லை.

கோர்ட்டுக்கு முந்தின அந்த வாரம்தான் ஆயுத பூஜை. லாரி ஊரில் அது எத்தனை பெரிய நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. லாரி கண்ணுக்கே தெரியாத ஹாலிலும் டிரைவர்கள் அதை விடவில்லை. பூஜை நேரத்தில் மலைக்கு வரும் வண்டிகளை டோல்கேட்டிலேயே நிறுத்திவைத்தார்கள். ஸ்டீயரிங்குகளைத் துடைத்து, பட்டை போட்டு, சாமந்தி மாலை கட்டினார்கள். டயர் இல்லாததால் எலுமிச்சம்பழத்தைப் பெடலுக்கடியில் வைத்து மிதித்தார்கள். சாறு தெறித்து ஹால் முழுக்கப் புளித்த வாசனை. கேம்பேடுகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு கிடைத்தது.

மற்றவர்கள் எல்லாம் ஸ்டீயரிங்கை மட்டும் துடைத்தபோது, மூன்றாவது இருக்கை சென்னியப்பண்ணன் மட்டும் ஒயர்களையும் பிடுங்கி ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு முனைக்கும் குங்குமம் வைத்தார். அவர் பழைய காலத்து லாரி டிரைவர். முனியப்பன் கோயில் விபூதி இல்லாமல் இருக்கையில் உட்கார மாட்டார்.

மறுநாள் வேலை தொடங்கியது. மத்தியானம் அவருக்கு டீ கொண்டுபோனேன். தொப்பூரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். டம்ளரை வைக்கக் குனிந்தபோது மேசைக்கடியில் ஒரு மெல்லிய ஒயர் தொங்குவதைப் பார்த்தேன். முனையில் வைத்த குங்குமம் அழியாமல் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஸ்டீயரிங்குக்கு இரண்டு ஒயர். தடித்தது லாரியின் அசைவைக் கைக்குக் கொண்டுவரும். குண்டு குழி, சரிவின் இழுப்பு எல்லாம் அதில்தான் வரும். மெல்லியது கை திருப்புவதை லாரிக்குக் கொண்டுபோகும். இடைவேளை அறை ஸ்டீயரிங்கிலும் அப்படித்தான். தொங்கியது மெல்லியது.

"அண்ணா, சின்ன ஒயரு மாட்டலீங்களே."

"எந்த ஒயரு?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில இருந்து ரெண்டு தடவை மலை ஏறி இறங்கியாச்சு கண்ணு. பூஜை போட்டதுக்கு வண்டி வெண்ணெயாட்டம் போகுது."

"அதான் பயமா இருக்குதுங்கண்ணா. குனிஞ்சு பாருங்க."

அவர் ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப ஓட்டறது யாரு?" என்றார் மெதுவாக. "முனியப்பனா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை.

"ஸ்டீயரிங் உங்க கையைத் திருப்புதுங்கண்ணா. நீங்க அதைத் திருப்பல."

"கையில கனம் தெரியுது புள்ள. வளைவுல இழுக்குது, நான் புடிச்சுத் திருப்பறேன்."

"வளைவு வந்தா யாரா இருந்தாலும் அந்தப் பக்கம்தானுங்க திருப்புவாங்க. லாரி திரும்பறப்ப அதே பக்கம் ஸ்டீயரிங்கையும் இழுக்குது. உங்க கை கூடப் போகுது. என் கேம்பேடுல பேட்டரி இறங்குனாலே திரை செவப்பாக் கத்தும். உங்களுக்கு ஒயரே இல்ல. ஒரு சத்தம் வந்துச்சா?"

அவர் தொங்கும் ஒயரை மறுபடி பார்த்தார்.

"லேசாக் கையை விட்டுப் பாருங்கண்ணா."

"பைத்தியமா உனக்கு? மலை மேல வண்டி!" என்றார். ஆனாலும் விரல்களைத் தளர்த்தினார். திரையில் வளைவு வந்தது. அவர் உள்ளங்கைக்குள் ஸ்டீயரிங் தானே சுழன்றது. லாரி அழகாக வளைந்து போனது. அவர் சட்டென்று மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓட்டுவதற்காக அல்ல, விழுந்துவிடாமலிருக்க.

என்னைப் பார்க்காமலே சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லாத அம்மிணி. வெளிய தெரிஞ்சா எங்களுக்கு என்ன வேலை இருக்குது? இத்தனை குடும்பம்."

"எங்கண்ணன் திங்கக்கிழமை ஜெயிலுக்குப் போறானுங்கண்ணா."

"அவன் சின்னப் பையன், போயிட்டு வந்துருவான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். டீ ஆறிப்போனது. நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"சென்னியப்பண்ணன் ஒயர மாட்ட மறந்தா, நான் இடிக்கலைன்னு ஆயிருமா?"

"அண்ணா, நீ ஒடிச்சே. நெசமாவே ஒடிச்சே. ஒயரு மாட்டியிருந்தாலும் வண்டி நம்ம கையைக் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே."

"எனக்கு அப்படியெல்லாம் கதை கட்டிச் சொல்ல வருமா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் என்னோடு பஸ் ஏறினான். வேலையிலிருந்து நிறுத்தியிருந்ததால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். ஸ்டீயரிங் வரிசை முழுவதும் அங்கிருந்து தெரியும்.

நான் என் இடத்தில் உட்காரவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே போய் நின்றேன். எல்லோரும் அவரவர் வண்டியில் இருந்தார்கள். மேலாளர் அஷ்வத் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மேகலா?" என்றார். அவரைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று அவரைப் பார்க்கவில்லை.

"சென்னியப்பண்ணா, கையை எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தலைகள் திரும்பின.

சென்னியப்பண்ணன் திரும்பவில்லை. நான் மறுபடி சொல்ல வாயைத் திறந்தபோது, அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார், கோயிலில் கும்பிடுவதற்குத் தூக்குவது போல. கால்களையும் பெடலிலிருந்து எடுத்து மடக்கிக்கொண்டார். திரையில் கொண்டை ஊசி வளைவு. லாரி வேகத்தைக் குறைத்து, வளைந்து, மறுபடி நேரானது.

"யோவ், என்னய்யா பண்ற?" என்று பக்கத்திலிருந்தவர் கத்தினார்.

"நீயும் எடுத்துப் பாரு" என்றார் சென்னியப்பண்ணன். "ஒண்ணும் ஆகாது. நம்மளால ஒண்ணுமே ஆகாது."

பக்கத்திலிருந்தவர் ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர். சிலர் சூட்டில் கை வைத்ததுபோல வெடுக்கென்று எடுத்தார்கள். ஒருவர் கடைசிவரை இரண்டு விரலை ஒட்டியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கக் கைகள் மடியில் கிடந்தன. எதிரே திரைகளில் லாரிகள் மலை ஏறின, இறங்கின, மாட்டுக்கு நின்றன, விளக்குப் போட்டு வழிவிட்டன. ஸ்டீயரிங்குகள் யாரும் தொடாமல் இப்படியும் அப்படியும் ஆடின. அவற்றில் கட்டியிருந்த மாலைகளும் சேர்ந்து ஆடின.

நான் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். அண்ணனைக் காணவில்லை. ஓடிப்போய்த் திறந்தேன். அவன் கீழே தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா என்று குனிந்தேன். அழுதுகொண்டும் இருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"ஒடிச்சேன் புள்ள" என்றான். "நான் ஒடிச்சேன்."

அஷ்வத் கெட்டவர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர், எங்களை ஒருநாளும் அதட்டியதில்லை. அன்று எல்லோரும், உள்ளே வந்துவிட்ட அண்ணனும், அவரைச் சூழ்ந்துகொண்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆரம்பத்துல உங்க கையிலதாங்க இருந்துச்சு. அப்புறம் மெஷின் நல்லாப் பழகிருச்சு. மனுஷன் பதட்டத்துல ஒடிக்கிறதால வர்ற விபத்துதான் அதிகம்னு தெரிஞ்சுது. அதனால நீங்க திருப்பறதை ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்கச் சொன்னாங்க. பிறகு அதுவும் வேண்டாம்னுட்டாங்க. விபத்து குறைஞ்சுதான் இருக்குது. அது பொய் இல்ல."

"அன்னிக்கு?" என்று கேட்டது நான்தான்.

"அன்னிக்கு மெஷினுக்கு அந்த மொபெட் புரியல. மாதேஷ் ஒடிச்சதைக் கேட்டிருந்தா தப்பிச்சிருக்கும்." அவர் அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப எதுக்குங்க சார் எங்களுக்கு ஸ்டீயரிங்கு?" என்றார் சென்னியப்பண்ணன். "வெறும் நாற்காலி போட்டிருக்கலாமே?"

"சட்டப்படி ஓட்டுநர்னு ஒருத்தர் வேணும். ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிறவர்தான் ஓட்டுநர். ஏதாவது ஆனா கேஸு அவர் மேல..."

"இந்த லட்சணத்துலதான் இவுங்களப் பொத்தான் பிள்ளைங்கன்னு சொன்னமா?" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்காக வேறொரு வக்கீல் வந்தார். சென்னியப்பண்ணன் விபூதியும் வெள்ளைச் சட்டையுமாகக் கூண்டில் ஏறி, தான் ஒயர் இல்லாமல் ஒரு நாள் முழுக்கத் தொப்பூரில் ஓட்டியதை மறைக்காமல் சொன்னார். அடுத்தடுத்த விசாரணையில் அஷ்வத்தும் சொன்னார். அண்ணன் மேலிருந்த வழக்கு தள்ளுபடியானது. கம்பெனியின் மேல் புதிதாக ஒன்று தொடங்கியது. அது இன்னும் நடக்கிறது.

தீர்ப்பு வந்த அன்று அண்ணன் பகல் முழுக்கத் தூங்கினான். இரண்டு முறை மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்த்தேன்.

எழுந்ததும் பாப்பாத்தி அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். நானும் போனேன். பெரியண்ணன் அதற்குள் இரண்டு கட்டைகளை ஊன்றி நடை பழகத் தொடங்கியிருந்தார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பாப்பாத்தி அக்கா வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"அப்ப நீ இடிக்கலியா?"

"இல்லீங்கக்கா. காப்பாத்தத்தான் பாத்தேன். என் கை அங்க எட்டல."

அவர் கேரியர் மூடியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். "இத்தனை நாளும் உன்னைத் திட்டித்தான் என் வயித்தெரிச்சலை ஆத்திக்கிட்டேன்" என்றார். "இனி யாரைப் போயி திட்டறது? அந்தப் பொட்டியையா? அதுக்குக் காது இருக்குதா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "கேஸு முடியற வரைக்கும் என்னையே திட்டிக்குங்க. பழகிருச்சு" என்றான்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணியது. "இளைச்சு எலும்பாப் போயிட்ட. இருந்து ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்றார். அன்றைக்கு அவன் புளிசாதத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மெல்லிய ஒயரை லாரி மதித்தாக வேண்டும், இல்லையென்றால் அதைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர் ஆகமாட்டார் என்று உத்தரவு வந்தது. கம்பெனி பாதி இருக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டது. சென்னியப்பண்ணன் இருக்கிறார். இப்போது வளைவுகளில் அவருக்கு வியர்க்கிறது. வீட்டுக்குப் போகும்போது தோள் வலிக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார். மற்றவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போனார்கள், சிலர் யார்டுக்கு வந்தார்கள்.

அண்ணனுக்கு அவன் பழைய இருக்கையையே கொடுப்பதாகச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்றான். பொத்தான் வரிசையில் என் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"கேம்பேடா? நீயா?" என்றேன்.

"யார்டுல அது கேக்குதில்ல? நான் தள்ளினாத்தானே போகுது?"

"ஆமாண்ணா. நீ தள்ளினாத்தான் போகும். ஒரு உதவியும் கிடையாது. கேம் மாதிரியெல்லாம் இல்ல."

"அது போதும்."

அவன் விரல்கள் தடித்தவை. கேம்பேட் அவன் கையில் தீப்பெட்டி மாதிரி இருந்தது. ஓசூர் யார்டில் ஒரு முட்டை லாரியைப் பிளாட்பாரத்துக்குப் பின்பக்கமாக நகர்த்த வேண்டும். நடை வேகம்தான். நான் சொல்லிக்கொடுத்தேன். "மெதுவா, இன்னும் மெதுவா, இப்ப விடு... விடுண்ணா!"

அவன் விடவில்லை. லாரியின் பின்கதவு பிளாட்பாரத்தில் டம்மென்று முட்டியது. மேலே அடுக்கியிருந்த அட்டைகள் சரிந்தன. லோடுமேன்கள் துள்ளி விலகினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. திரை முழுக்க மஞ்சள் கரு வழிந்தது.

நான் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பெருவிரலைத் தூக்கி, அது யாருடையது என்பதுபோல முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கரில் லோடுமேன் ஒருவரின் குரல் ஹாலையே தூக்கியது. "எவன்டா அவன் வண்டி ஓட்டறது?"

அண்ணன் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"நான்தாங்க" என்றான்.